பழைய ஸ்கேனருக்கு லினக்ஸில் எது தோது: சேனா, வியூஸ்கேனா, விர்ச்சுவல்பாக்ஸா?

கேனன் லைடு 25 மாதிரியான பழைய ஸ்கேனரை லினக்ஸில் ஓட்ட மூன்று வழிகள் உண்டு. லினக்ஸோடு இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேனர் மென்பொருளான சேன் (SANE), காசு கொடுத்து வாங்கும் வியூஸ்கேன், கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு பழைய விண்டோஸ். மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் சேனிலேயே தங்கிவிட்டேன்.

என் வேலை புதுச்சேரியில் பல வீட்டு அலமாரிகளில் காத்திருக்கும் வேலைதான். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரங்கள், பிறப்புப் பதிவு நகல்கள், 1954க்குப் பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்த தாள்கள். கடல் காற்றில் காகிதம் பழுத்துப்போய், மடிப்பு மடிப்பாக விட்டுக்கொண்டு வருகிறது. இன்னும் தாமதித்தால் படிக்க முடியாது.

படத்தின் தரத்தை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சென்சார் ஒன்றேதான். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்த எழுத்துத் தாளைப் பார்த்து, எது எந்த மென்பொருளில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் விர்ச்சுவல்பாக்ஸ். ஸ்கேனரோடு வந்த சிடி விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது என்பதால் பலரும் இந்த வழிக்குத்தான் போகிறார்கள். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் ஸ்கேன் செய்ய முழு விண்டோஸைக் கிளப்ப வேண்டும். யுஎஸ்பியை உள்ளே இழுத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு நம் பயனர் பெயர் விபாக்ஸ்யூசர்ஸ் (vboxusers) குழுவில் இருக்க வேண்டும். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன, அதனால் அதற்கு இணையத்தைத் துண்டித்தே வைக்க வேண்டும். அப்புறம் எடுத்த படத்தைப் பகிர்வுக் கோப்புறை வழியாக வெளியே கொண்டுவர வேண்டும்.

வியூஸ்கேன் நல்ல மென்பொருள். நூற்றுக்கணக்கான பழைய ஸ்கேனர்களுக்குத் தானே டிரைவர் (ஸ்கேனரை இயக்கும் நிரல்) வைத்திருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஒரே முகம். வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம், படத்தின் மேல் டாலர் குறி விழும், அவ்வளவுதான். உங்கள் மாடலை சேன் கைவிட்டால் அடுத்த கதவு இதுதான்.

சரி, சேனுக்கு வருவோம். ஸ்கேனரை மாட்டிவிட்டு டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) எல்எஸ்யுஎஸ்பி (lsusb) அடித்தால் ஒரு எண் வரும். லைடு 25க்கு அது 04ஏ9:2220 (04a9:2220). முதல் பாதி கேனனைக் குறிக்கும், பின்பாதி மாடலை. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள், இந்த எண்ணை நம்புங்கள். பெயர் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மாடலுக்குள் வேறு வேறு சில்லு இருக்கலாம். லைடு 25 பிளஸ்டெக் என்ற பேக்எண்டில், அதாவது சேனுக்குள் இருக்கும் டிரைவரில், ஓடுகிறது. அதற்குப் பின் வந்த லைடு 110, 210 ஜெனிசிஸ் என்ற பேக்எண்டில் ஓடுகின்றன. சேன் திட்டத்தின் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் முழுமை, நன்று, அடிப்படை என்று தரம் போட்டிருக்கிறார்கள், வாங்குமுன் அதைப் பார்ப்பது நல்லது.

அடுத்து, சேன் கண்டுபிடித்த ஸ்கேனர்களைப் பட்டியலிடும் ஸ்கேன்இமேஜ் -எல் (scanimage -L) கட்டளை. இதில் ஸ்கேனர் தெரியாமல், நிர்வாகி உரிமை தரும் சூடோ (sudo) போட்டால் மட்டும் தெரிந்தால், டிரைவரில் கோளாறு இல்லை, அனுமதிதான் சிக்கல். எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்லும் யுடெவ் (udev) விதியைச் சரிபார்த்தால் முடிந்தது. இன்னொரு தொல்லை உண்டு: மாட்டியதும் ஒருமுறை ஸ்கேன் ஆகும், இரண்டாவது தாளுக்கு அப்படியே உறைந்துவிடும், கழற்றி மாட்டினால் மறுபடி ஒருமுறை ஓடும். பழைய ஸ்கேனரைப் புதிய கணினியின் யுஎஸ்பி 3 துளையில் செருகும்போது இதைப் பார்க்கலாம். சேன்_யுஎஸ்பி_வொர்க்அரவுண்ட் (SANE_USB_WORKAROUND) என்ற சூழல் மாறிக்கு 1 என்று கொடுத்துப் பாருங்கள். இந்த நோய்க்கென்றே வைத்த மருந்து அது.

கட்டாகத் தாள்கள் இருந்தால் ஸ்கேன்இமேஜின் பேட்ச்-பிராம்ப்ட் (--batch-prompt) பெரிய உதவி. தாளை வைத்து எண்டர் தட்டினால் போதும், கோப்பு எண் தானாக ஏறும். சன்னத் தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்து மூடியைச் சாத்துங்கள். ஊதா முத்திரை இருக்கும் பக்கத்தைக் கலரில் எடுங்கள், மற்றதற்குக் கிரே போதும்.

ஆனால் என்னை சேனில் நிறுத்தி வைத்தது இதெல்லாம் இல்லை, பராமரிப்பு. பத்திரம் ஸ்கேன் செய்வது தினசரி வேலை அல்ல. ஒரு கட்டு முடிந்தால் மாதக்கணக்கில் ஸ்கேனர் தூங்கும். அதற்குள் லினக்ஸின் மையமான கர்னல் மாறியிருக்கும், நான் போட்டிருக்கும் லினக்ஸான உபுண்டுவே அடுத்த பதிப்புக்குப் போயிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸுக்குக் கர்னல் மாறும்போதெல்லாம் தன் மாட்யூலை (கர்னலோடு சேர்ந்து ஓடும் துண்டு நிரல்) புதிதாகக் கட்ட வேண்டும். நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் போட்டிருந்தால் அந்த மாட்யூலில் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்க வேண்டும். தாளை எடுத்துவைத்து உட்காரும் நாளில் பிழைச்செய்தி வந்தால் அன்றைய வேலை போச்சு. எப்சனின் சில வி வரிசை மாடல்களுக்குத் தேவைப்படும் தயாரிப்பாளரின் மூடிய பிளகினும் (மூலநிரல் தராத துணை நிரல்) இதே ரகம். பழைய நூலகக் கோப்பு இல்லை என்று புதிய பதிப்பில் மறுத்துவிடும், திருத்த நம் கையில் மூலநிரல் கிடையாது. வியூஸ்கேன் இதில் பரவாயில்லை, ஆனால் உரிமத்தைப் பத்திரமாக வைத்து, புதுப்பிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சேனுக்கு இது எதுவும் வேண்டாம். டிரைவர் லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு போன்ற தொகுப்பு) உள்ளேயே இருப்பதால், கணினியைப் புதுப்பிக்கும்போது அதுவும் சேர்ந்து வருகிறது. சேனைப் பயன்படுத்தும் எளிய செயலியான சிம்பிள் ஸ்கேனைத் திறக்கிறேன், ஸ்கேனர் இருக்கிறது.

சேனில் ஒரு விலக்கு. ஸ்னாப்ஸ்கேன், ஜிடி68எக்ஸ்எக்ஸ் பேக்எண்டில் ஓடும் சில எப்சன், மஸ்டெக் மாடல்களுக்கு ஸ்கேனரோடு வந்த விண்டோஸ் சிடியிலிருந்து ஃபர்ம்வேர் கோப்பை (ஸ்கேனருக்குள்ளேயே ஓடும் நிரல்) எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஃபிலிம் நெகட்டிவ் என்றால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள், அதில் எனக்கு அனுபவம் குறைவு. வியூஸ்கேனில் நெகட்டிவ் வகைகளுக்கு அமைப்பு இருக்கிறது, அகச்சிவப்பு வசதியுள்ள ஸ்கேனரில் தூசியையும் அதுவே நீக்குகிறது. கல்யாண நெகட்டிவ்கள் பெட்டி நிறைய இருக்கிறவர்கள் அதற்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. மெல்லிய லைடு வகை ஸ்கேனர் அதற்கு எப்படியும் ஆகாது. கண்ணாடியில் ஒட்டிப் படியாத எதுவும் அதில் மங்கும், மடிப்பு நிமிராத பத்திரம் உட்பட.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ பழைய சாமான் கடையிலோ ஸ்கேனர் கண்ணில் பட்டால், லினக்ஸ் போட்ட லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். தனி அடாப்டர் வேண்டாத லைடு வகை என்றால் கடை வாசலிலேயே மாட்டி, எண்ணைப் பார்த்து, தொடர்ந்து இரண்டு தாள் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் வெண்படலம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.