கடுவன் குட்டிக்குப் பெயர்: ஷ்ரோடிங்கரா, ஓமா, நியானா?

மழைக்கு ஒதுங்கி எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்த குட்டி அது. மூன்று மாதம் இருக்கும், உடம்பு முழுக்க ஆரஞ்சு வரி. கால்நடை மருத்துவர் வாலைத் தூக்கிப் பார்த்து "பையன்தான்" என்று சொல்வதற்கு முன்பே நான் வீட்டில் பந்தயம் கட்டியிருந்தேன். பூனையின் ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரே எக்ஸ். அதில் அந்த மரபணு இருந்தால் போதும், ஆள் முழு ஆரஞ்சு. பெட்டைக்கு இரண்டு எக்ஸிலும் இருக்க வேண்டும்; ஒன்றில் மட்டும் இருந்தால் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத்திட்டாக வந்துவிடும். அதனால்தான் ஆரஞ்சுப் பூனைகளில் ஏறக்குறைய ஐந்துக்கு நாலு கடுவன்.

நிறமே இப்படிப் பாடம் நடத்துகிறது, பெயரும் அறிவியலிலிருந்தே வரட்டும் என்று முடிவானது. எந்தப் பெயர் என்பதில்தான் மூன்று நாள் சண்டை.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது குவாண்டம் இயற்பியலர் ஷ்ரோடிங்கர். 1935இல் அவர் பூனையையும் கதிரியக்கப் பொருளையும் விஷக் குப்பியையும் பெட்டிக்குள் வைத்தது கற்பனையில்தான். கதிரியக்கப் பொருளின் அணு சிதைந்தால் குப்பி உடையும், பூனை சாகும்; குவாண்டம் விதியை அப்படியே நம்பினால், திறந்து பார்க்கும்வரை பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் கிடக்கிறது என்று சொல்ல வேண்டி வருகிறதே, இது என்ன கூத்து என்று கேட்கத்தான் அந்தப் பெட்டியே. சரி, ஆனால் பெட்டியில் அடைத்தவர் பெயரை அடைபட்டதற்கு வைப்பது எனக்கு ஒட்டவில்லை. போதாததற்கு, வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் "இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கோ 'ஷ்ரோ'வைத் தாண்டி நாக்கு போகவில்லை. "பேசாம சுரைக்காய்னு கூப்பிடட்டுமா?" என்றார். ஷ்ரோடிங்கர் அத்தோடு போனார்.

மகள் டெஸ்லா கட்சி. அவளிடம் நல்ல கதை இருந்தது. நிகோலா டெஸ்லா சின்ன வயதில் ஒரு பூனை வளர்த்தார். குளிரும் வறட்சியுமான ஒரு மாலையில் அதன் முதுகைத் தடவியபோது பொறி பறந்ததாம். இடி மின்னலின்போது மரங்களில் தெரிகிற அதே மின்சாரம்தான் இது என்று அப்பா விளக்கினாராம். போதும் விளையாட்டு, தீப்பிடித்துவிடப் போகிறது என்று அம்மா பயந்தாராம். எந்த நாட்டு அம்மாவும் அதைத்தான் சொல்வார். அந்தப் பூனையின் பெயர் மாச்சாக். செர்பிய மொழியில் அதற்குப் பொருளே கடுவன் என்பதுதான்! ஷ்ரோடிங்கரைவிட இது பத்து மடங்கு மேல்: சொல்ல எளிது, கதையில் பூனையும் உயிரோடு இருக்கிறது. ஆனால் டெஸ்லா என்றால் இன்று கார்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மேலும் சென்னை ஈரக்காற்றில் எவ்வளவு தடவினாலும் பொறி வராது. முடிதான் கையோடு வரும்.

நம்மவர் யாராவது இருக்கட்டுமே என்று நான் சர் சி. வி. ராமனை இழுத்தேன். திருச்சிக்காரர், 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு, 1930 நோபல், எல்லாம் சரி. எதிர்வீட்டுத் தாத்தாவின் பெயரும் அதுதான். "ராமா, மீனைத் தொடாதே" என்று மொட்டை மாடியிலிருந்து நான் கத்தினால் தெருவில் முகம் காட்ட முடியுமா? வானியற்பியலர் சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைத்துச் சந்திரா என்று வைக்கலாம். எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு மட்டும் அது பெட்டைப் பூனை.

ஓம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மின்தடையின் அலகு. தூக்க வந்தாலும் குளிப்பாட்ட வந்தாலும் தடை காட்டுகிற ஜீவனுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? ஒரு மாலை மாடியில் நின்று சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன்: "ஓம்... ஓம்... ஓம்..." கீழ்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பூஜையா சார்?" என்றார்.

நியூட்டனை நீண்ட நேரம் பேசவில்லை. பூனைக்கொரு ஓட்டை, குட்டிக்கொரு ஓட்டை என்று கதவில் துளை போட்டார் என்பது கட்டுக்கதை. அவர் நாயோ பூனையோ வளர்த்ததில்லை என்று அவருடைய உதவியாளரே எழுதியிருக்கிறார். இயற்பியலர் மேக்ஸ்வெல்லோ, விழும் பூனை எப்படிக் காலூன்றுகிறது என்று பார்க்கப் பூனைகளைக் கீழே போட்டுப் பார்த்தவர். அந்தப் பெயரை இந்த வீட்டில் வைக்க விடமாட்டேன்.

கதையை மட்டும் பார்த்தால் ஜெயிக்க வேண்டியது வில்லர்ட். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலர் ஹெதரிங்டன், 1975இல் தான் தனியாக எழுதிய கட்டுரை முழுக்க 'நாங்கள், நாங்கள்' என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒற்றை ஆசிரியர் இப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்று சக ஊழியர் சொல்ல, மறுபடி தட்டச்சு செய்ய அலுத்துப்போய்த் தன் சயாமீஸ் பூனை செஸ்டரைக் கூட்டு ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். எஃப். டி. சி. வில்லர்ட்: ஃபெலிஸ் டொமெஸ்டிகஸ் (வீட்டுப் பூனையின் லத்தீன் பெயர்) செஸ்டர், செஸ்டரின் அப்பாப் பூனை பெயர் வில்லர்ட். நம் ஊர் இனிஷியல் மாதிரியே! குறை ஒன்றுதான்: பெயரைக் கேட்டால் அறிவியல் தெரியாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் முழுக் கதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் நியான். 1898இல் லண்டனில் வேதியியலர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த வாயு. ராம்சேயின் 13 வயது மகன் 'புதுசு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பெயராகச் சொல்ல, அப்பா அதைக் கிரேக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். மின்சாரம் பாய்ந்தால் ஒளிர்வது சிவப்பு கலந்த ஆரஞ்சில். நம் ஆளின் நிறம். (கறுப்புக் குட்டியாக இருந்தால் கார்பன்தான், பேச்சே இல்லை.) எதனோடும் எளிதில் சேராத வாயு, பாடப்புத்தகத்தில் மந்த வாயு. மதியம் சோபாவில் கிடக்கிற கிடையைப் பார்த்தால் 'மந்த' என்ற சொல்லே இவனுக்காக வந்தது போலிருக்கும். மியாவுக்கும் நியானுக்கும் தூரம் அதிகமில்லை. ஜப்பானில் பூனை கத்துவதே 'நியான்' என்றுதான்.

அதே ஜப்பானில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை வேறு சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டியது. ஆனால் பெயரைக் கேட்டதும் அவை பெரும்பாலும் செய்தது காதையோ தலையையோ அசைத்ததுதான். எழுந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மருத்துவரின் அட்டையில் 'நியான்' என்றே எழுதியாகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் அது 'நீயா' ஆகிவிட்டது. சமையலறையில் பாத்திரம் உருண்டால் திரும்பிப் பார்க்காமலே, "யாரு, நீயா?" என்பார். ஃபிரிட்ஜ் மேலிருந்து ஓர் ஆரஞ்சுக் காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பும்.