டெலஸ்கோப் பீக்குக்கு எந்த மேப்: 1952 ஷீட்டா, யூஎஸ் டோப்போவா?

அமெரிக்காவுல கலிஃபோர்னியாவோட டெத் வேலி பாலைவனத்துக்கு மேற்கால நிக்குற பனமிண்ட் மலைக்கு (அதோட உச்சிதான் டெலஸ்கோப் பீக்) போறப்ப ரெண்டு மேப்பையும் பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன். ஒண்ணு அமெரிக்க அரசோட நில ஆய்வு அமைப்பான யூஎஸ்ஜிஎஸ் போட்ட 1952 டெலஸ்கோப் பீக் 15 நிமிஷ ஷீட் (நேரம் இல்லைங்க, அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்குல கால் டிகிரி), இன்னொண்ணு அவங்களே 2009ல இருந்து விடுற யூஎஸ் டோப்போ. ரெண்டுமே ஓசி டவுன்லோடுதான். என் ஓட்டு பழசுக்கு.

ஸ்கேல்ல புதுசு ஜெயிக்கும், 1:24,000க்கு (மேப்ல 1 செ.மீ.னா தரையில 240 மீட்டர்) முன்னாடி பழசோட 1:62,500 (625 மீட்டர்) நிக்க முடியாது. ஆனா பரப்புல பழைய ஷீட் ஒண்ணு புதுசு நாலுக்குச் சமம். புதுசுல 3,368 மீட்டர் உச்சி ஒரு ஷீட்ல, பனமிண்ட் சிட்டிங்கிற பாழடைஞ்ச சுரங்க ஊர் அதுக்குத் தெக்கால ஷீட்ல, அடிக்கிற காத்துல ரெண்டையும் ஒட்டவச்சுப் பிடிச்சுப் பாருங்க அப்ப தெரியும்.

எனக்கு முடிவு பண்ண வச்சது சுரங்கக் குழிதாங்க. 1873ல வெள்ளி கிடைச்சதுல இருந்து இந்த மலையைக் குடைஞ்சு தள்ளியிருக்காங்க, பாதி குழிக்கு மூடியும் கிடையாது வேலியும் கிடையாது. பழைய மேப்ல சும்மா தோண்டிப் பார்த்த இடத்துக்கு எக்ஸ், பக்கவாட்டுல குடைஞ்சதுக்கு ஒய் மாதிரி ஒரு குறி, நேரா கீழ இறங்குற குழிக்குக் குட்டிச் சதுரம்னு தனித்தனியா இருக்கும், ஏன்னா அப்பல்லாம் விமானப் படத்தை வச்சு வரைஞ்சாலும் ஆள் நேர்ல போய் சரிபார்ப்பாங்க. யூஎஸ் டோப்போ டேட்டாபேஸ்ல இருந்து கம்ப்யூட்டரே கோத்துக் கொடுக்குறது, டேட்டாபேஸ்ல இல்லாத குழி மேப்லயும் இல்ல. நான் எடுத்துட்டுப் போன ஷீட்ல அந்தச் சரிவெல்லாம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு, பார்த்தா பயமாவே இல்ல, அதான் பயமே.

அதுக்காக பழசுல இருக்குற ரோட்டை நம்பிடாதீங்க. சர்ப்ரைஸ் கேன்யன் வழியா பனமிண்ட் சிட்டிக்கு ரோடு இருந்துச்சு, 1984 வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு, இப்ப நடைதான். ஊத்துக் குறி இருந்தா தண்ணி இருக்கும்னும் அர்த்தமில்ல. பழைய மேப்போட ஜிபிஎஸ் பார்க்கணும்னா டேட்டம், அதாவது இடத்தை அளக்குற அடிப்படைக் கணக்கை, அந்த மேப் வரைஞ்ச என்ஏடி27க்கு மாத்தணும், மறந்தா அந்தப் பக்கம் ஏறத்தாழ 80 மீட்டர் தள்ளிக் காட்டும், குழி இருக்குற சரிவுல 80 மீட்டர்னா யோசிச்சுக்கோங்க.

நான் நடந்தது பாதை ஆரம்பிக்கிற மஹோகனி ஃப்ளாட் முகாம்ல இருந்து உச்சிக்கு, ஒரு பக்கம் 7 மைல். பாதை பளிச்சுன்னு கிடக்கு, மேப்பே வேணாம். பாதையை விட்டு இறங்கினது ரெண்டு தடவைதான், அதுவும் கொஞ்ச தூரம், அந்த அனுபவத்துல சொல்றதுதான் இவ்வளவும். 1980கள்ல வந்த 7.5 நிமிஷ ஷீட் நடுவாந்திரமா நல்லா இருக்கலாம், கையில வச்சு நடந்ததில்ல. இப்போதைக்கு ரோட்டுக்கு போன்ல புதுசு, பாக்கெட்ல மடிச்சு 1952.