மிடியாகவே மிக்ஸ் செய்வதா, ஆடியோவாக மாற்றிக்கொண்டு மிக்ஸ் செய்வதா?

இசைக்கோர்ப்பு முடிந்து மிக்ஸிங்கில் இறங்கும்போது, மென்பொருள் வாத்தியங்களை மிடி டிராக்காகவே (ஒலியாக அல்லாமல், எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற குறிப்புகளாக) விட்டுவைப்பதா, ஃப்ரீஸ் (தற்காலிகமாக ஒலியாக்கி வைப்பது) செய்துகொள்வதா, முழுமையாக ஆடியோவாக ரெண்டர் (ஒலிக்கோப்பாகப் பதிந்துகொள்வது) செய்துவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கணினியின் வேகத்தை வைத்தே இதற்கு விடை சொல்லப்படுகிறது. ப்ராசஸர் திணறினால் மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் அப்படியே விடலாம் என்பார்கள். கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும், ஒலியின் பார்வையில் இந்த மூன்று வழிகளும் ஒன்றல்ல என்பதே என் கருத்து.

மிடியின் பெரிய பலம் வெலாசிட்டி, அதாவது ஒரு சுரம் எவ்வளவு அழுத்தமாக வாசிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் எண். பல அடுக்குகளாகப் பதிவு செய்யப்பட்ட பியானோவில் 110 வெலாசிட்டியில் இருக்கும் ஒரு சுரத்தை 60-க்கு இறக்கினால், சத்தம் குறைவதோடு, மெல்ல அழுத்தி வாசித்தபோது பதிவான வேறொரு சாம்பிளே (பதிவுத் துணுக்கே) ஒலிக்கும். சுத்தியல் தந்தியில் மோதும் கூர்மை மங்கி, நாதம் குழையும். ஆடியோவில் ஃபேடரை (ஒலியளவுக் கட்டுப்பாட்டை) இறக்கினால், ஓங்கி அடித்த அதே சுரம் சன்னமாகக் கேட்குமே தவிர அந்தக் குழைவு வராது. டெம்போவையும் சுருதியையும் ஒலித்தரம் கெடாமல் மாற்ற முடிவதும் மிடியில்தான். ஆகவே, பாடுபவரின் சுருதி இன்னும் உறுதியாகாத பாடலை ஆடியோவாக மாற்றுவது அவசரப்படுவதாகும்.

ஆடியோவின் பலம் அதன் நிலைத்தன்மை. பல சிந்தசைசர்களில் ஆசிலேட்டர்கள் (ஒலியலையை உருவாக்கும் பகுதிகள்) ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு சுரமும் அலையின் வெவ்வேறு புள்ளியில் தொடங்கும். அப்படிப்பட்ட ஒரு பேஸ், கிக் டிரம்மோடு சேர்ந்து விழும் இடத்தை உற்றுக் கேளுங்கள். ஒருமுறை ஓடவிடும்போது இரண்டு அலைகளும் ஒன்றாக எழுந்து அடி கனமாக விழும். மறுமுறை அதே இடத்தில் ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, அடி வெறுமையாகிவிடும். ஈக்யூவில் (ஒலியின் தனித்தனி அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) 60 ஹெர்ட்ஸைச் சுற்றி எவ்வளவு கூட்டினாலும் இது தீராது, ஏனென்றால் நீங்கள் கேட்டுத் திருத்திய ஒலி அடுத்த முறை அப்படியே வரப்போவதில்லை. ரெண்டர் செய்துவிட்டால் எந்த அடி பலவீனமாக இருக்கிறது என்பது அலைவடிவத்திலேயே தெரியும். அந்தச் சுரத்தை மட்டும் ஓரிரு மில்லி விநாடி நகர்த்தலாம், போலாரிட்டியைத் திருப்பிப் (அலையை மேல்கீழாகப் புரட்டிப்) பார்க்கலாம், வேறொரு இடத்தில் நன்றாக விழுந்த சுரத்தை நகலெடுத்து அங்கே வைக்கலாம். ஒரே சுரத்துக்குப் பல சாம்பிள்களை மாற்றி மாற்றி ஒலிக்கும் ரவுண்ட்-ராபின் டிரம்களுக்கும் இது பொருந்தும்.

ஃப்ரீஸ் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ப்ராசஸர் சுமை குறைகிறது, வேண்டும்போது மிடிக்குத் திரும்பலாம். லாஜிக் என்ற இசை மென்பொருளில் வாத்தியத்தை மட்டும் ஃப்ரீஸ் செய்து, எஃபெக்ட்களைத் தொடர்ந்து மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அங்கே ஃப்ரீஸான டிராக் பூட்டப்பட்டுவிடுவதால், மேலே சொன்ன கிக்-பேஸ் திருத்தத்துக்கு அது உதவாது.

ஆண்டுகள் கழித்துப் பாடலைத் திறக்க வேண்டியிருந்தால் ரெண்டர் செய்த ஆடியோவே காப்பாற்றும். 2019-இல் வெளியான மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருள்களுக்கான ஆதரவை அடியோடு நிறுத்தியபோது, புதுப்பிக்கப்படாத பழைய வாத்தியங்கள் அதில் இயங்காமல் போயின. சுரங்கள் புராஜெக்ட்டில் பத்திரமாக இருந்தும் அவற்றை ஒலிக்க ஆளில்லை. வேவ் கோப்புக்கு அந்தக் கவலை கிடையாது. இடமும் பெரிதாகப் பிடிக்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் ஸ்டீரியோவில் 4 நிமிட டிராக் ஏறத்தாழ 69 எம்பிதான்.

எனவே கோர்ப்பு முடிவான பாடலை ரெண்டர் செய்துவிட்டு மிக்ஸ் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். தனித்து ஒலிக்கும் பியானோ, வயலின் போன்று வெலாசிட்டியை இன்னும் செதுக்க வேண்டியவற்றை மட்டும் கடைசிவரை மிடியாக வைத்திருக்கலாம். ரெண்டர் செய்யும்போது ரிவெர்ப், கம்ப்ரசர் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். கிட்டார் ஆம்ப் போல ஒலியின் அடையாளமாகவே ஆகிவிட்டவை இருக்கட்டும். டிரம்களைத் தனித்தனி டிராக்குகளாகப் பிரித்தெடுங்கள். நார்மலைஸ் (ஒலியளவைத் தானாக உச்சத்துக்கு ஏற்றுவது) வேண்டாம். எல்லாக் கோப்புகளும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பித்து, கடைசிச் சுரத்தின் ரீங்காரம் அடங்கும்வரை நீளட்டும். மிடி டிராக்கை அழிக்காமல், வாத்தியத்தை அணைத்து மறைத்து வையுங்கள்.

சரிபார்ப்பதற்காக, ரெண்டர் செய்ததன் போலாரிட்டியைத் திருப்பி மிடியோடு சேர்த்து ஓடவிட்டால், பல வாத்தியங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்து முழு நிசப்தம் கிடைக்கும். ஓயாது ஓடும் ஆசிலேட்டரும் ரவுண்ட்-ராபினும் உள்ளவற்றில் கிடைக்காது. அது ரெண்டரின் பிழையும் அல்ல. அத்தகைய டிராக்குகளை இரண்டு மூன்று முறை ரெண்டர் செய்து, கிக்கோடு எது கனமாக விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.