அகர் அகரா, ஜெலட்டினா?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஜெல்லி செய்ய எதை வாங்குவது என்று பினாங்கில் பலரும் கேட்கிறார்கள். இரண்டுமே நீரைப் பிடித்து வைக்கும் பெருமூலக்கூறுகள்தான் (நீண்ட சங்கிலி போன்ற பெரிய மூலக்கூறுகள்), ஆனால் குணம் வேறு.

மூலம்
அகர் அகர்: சிவப்புக் கடற்பாசியின் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலி.
ஜெலட்டின்: மாடு, பன்றி, மீனின் தோல், எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. சைவர்களுக்கு ஆகாது, முஸ்லிம் நண்பர்கள் வருவதென்றால் ஹலால் முத்திரை பார்த்தே வாங்குங்கள்.

வெப்பம்
அகர் அகர்: ஏறக்குறைய 35–40 டிகிரியில் உறையும், 85 டிகிரியை ஒட்டித்தான் உருகும். அதன் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிய இரட்டைச் சுருள்கள் கற்றையாகச் சேர்ந்து இறுகுவதே காரணம்.
ஜெலட்டின்: மூன்று புரத இழைகள் முறுக்கிய முச்சுருள்களின் பிடி வலுவற்றது, 30–35 டிகிரியிலேயே அவிழும். வாயில் கரையும் சுகம் அதனால்தான். நம்மூர் மதிய வெயிலில் மேசையிலேயே இளகுவதும் அதனால்தான்.

செய்முறை (1 லிட்டருக்கு)
அகர் அகர்: தூள் சுமார் 10 கிராம். பச்சைத் தண்ணீரில் கலக்கி, கொதி வந்தபின் 2 நிமிடம் விடவும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின் ஊற்றுங்கள். அமிலத்தோடு கொதித்தால் சங்கிலிகள் உடைந்து தளதளவென்று நிற்கும். தேங்காய்ப்பால் அடுக்கை, கீழடுக்கு லேசாக ஆடும்போதே சூடாக ஊற்றவும். முழுதும் இறுகிவிட்டால் வெட்டும்போது கழன்றுவிடும்.
ஜெலட்டின்: சுமார் 20 கிராம். குளிர்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, சூட்டில் கரைக்கவும், கொதிக்க விடாதீர்கள்.

சூடாக்காத அன்னாசி, பப்பாளி போட்டால் அவற்றின் நொதிகள் புரதத்தை வெட்டிவிடும். ஜெலட்டின் உறையவே உறையாது. டின் அன்னாசி பரவாயில்லை, சூடாக்கியதில் நொதி செயலிழந்திருக்கும். அகருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வெளியே பரிமாற அகர் அகர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சாப்பிடும் மூஸ் (நுரைத்த மென்மையான இனிப்பு) வகைக்கு ஜெலட்டின்.