மின்னூலில் பத்தி பிரிப்பது: தள்ளலா, இடைவெளியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் மின்னூல் செய்தால் வாசகர்கள் இரண்டு வகை. ஒன்று, வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து சரசரவென்று படிப்பவர்கள். மற்றது, நான்கைந்து தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து, தமிழ் வகுப்பில் எழுத்து பழகி, கூட்டிக் கூட்டிப் படிப்பவர்கள். இரு தரப்பும் பெரும்பாலும் படிப்பது போனில்தான்.

பத்தி பிரிக்க வழியும் இரண்டு. முதல் வரியைச் சற்று உள்ளே தள்ளலாம். தள்ளாமல் பத்திகளுக்கு நடுவே இடம் விடலாம். கதைக்கு என் ஓட்டு தள்ளலுக்குத்தான். "வந்தியா?", "வந்தேன்", "சாப்பிட்டியா?" என்று ஓடும் பேச்சில் ஒவ்வொரு வரிக்குக் கீழும் இடம் விட்டால் பாதித் திரை காலி.

அதைவிடப் பெரிய சிக்கல் திரையின் அடியில் இருக்கிறது. மின்னூலில் பக்கம் எங்கே முடியும் என்று செய்பவருக்கே தெரியாது; எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் நகரும். ஒரு பத்தி சரியாகத் திரையின் கடைசி வரியில் முடிந்தால், விட்ட இடம் கண்ணில் படாது. கடைசி வரியும் நிறைந்திருந்தால், அடுத்த திரையில் வருவது அதே பத்தியா புதுசா என்று சொல்லவே முடியாது. தள்ளலில் இந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் 1860 நவம்பர் 16இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்ததில் தொடங்கும் குடியேற்ற வரலாறு, சமையல் குறிப்பு, பாடம் போன்றவற்றுக்கு இடைவெளிதான் சரி. கூட்டிப் படிப்பவர்கள் ஒரு பத்தி முடித்து, நின்று, திரும்பவும் அதையே பார்ப்பார்கள். அவர்களுக்கு விட்ட இடம் மாடிப்படியின் திருப்பம் மாதிரி. இரண்டையும் ஒன்றாகப் போடுகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிப்பதில்லை.

தள்ளல் 1 எம் போதும். எம் என்பது எழுத்தின் அளவோடு சேர்ந்து வளரும் அலகு. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எழுத்தை முழுசாகப் பெரிதாக்கிப் படிக்கும் ஆயாவிடம் 3 எம் தள்ளினால், முதல் வரியில் ஒரு சொல் நின்றாலே அதிகம். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தள்ளுவது வீண்வேலை. ஈபப் என்ற மின்னூல் கோப்பில் அடுத்தடுத்த வெற்றிடங்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இதையெல்லாம்விடக் கண்ணைப் படுத்துவது, இரு ஓரமும் நேராக்கும் ஜஸ்டிஃபை. 'ஒப்பந்தத்தொழிலாளர்களுக்கிடையே' போன்ற சொல் அடுத்த வரிக்குப் போனதும், மேலே மிச்சமிருக்கும் இரண்டு சொற்கள் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை விதிகளின் உச்ச நிலையிலும் ஜஸ்டிஃபை கூடாது என்றுதான் இருக்கிறது. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரி 'கூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கும்.

தேவாரத்துக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். அடி முதலில் ஓரத்தில் தொடங்கி, திரையில் இடம் போதாமல் மடங்கிய பகுதிதான் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இடது ஓரத்தை 2 எம் ஆக்கி, முதல் வரித் தள்ளலை மைனஸ் 2 எம் என்று கொடுத்தால் முடிந்தது.