தொண்டிப் பக்கத்துச் சத்துமாவு: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான தொண்டியிலிருந்து தேவிபட்டினம் செல்லும் சாலையோரத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் நடத்தும் சிறிய கடையில் அரைக் கிலோ சத்துமாவை 80 ரூபாய்க்கு வாங்கி, மூன்று மாதமாக இரண்டு வயதுப் பேத்திக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து வருகிறேன். முளைகட்டிய கேழ்வரகு, பாசிப்பயறு, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவைதாம் சேர்மானம். முளைகட்டிய தானியம் என்பதால் கஞ்சி களியாக இறுகுவதில்லை. ஆகவே மாவைச் சற்றுக் கூடுதலாகக் கரைத்தாலும் குழந்தை ஒரு கிண்ணத்தை முழுதாகக் குடித்துவிடுகிறாள்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இந்தச் சத்துக்குறைவின் இழப்பு வகுப்பறையில் பின்தங்கலாகவும், பின்னாளில் குறைந்த கூலியாகவும், எடை குறைந்த குழந்தைப்பேறாகவும் குடும்பத்தின் தலையில் விடிகிறது. டப்பா மாவுக்கு இந்தச் சத்துமாவைப்போல் பல மடங்கு செலவழிப்பவர்கள், முள்ளோடு தின்னும் நெத்திலியையும் கொல்லை முருங்கையையும் மறந்துவிடுவது எனக்கு விளங்குவதில்லை.

குறையும் உண்டு. பையில் அரைத்த தேதி இல்லை. ஒருமுறை வாங்கியதில் கடலை சிக்கு வாடை அடித்தது. கடற்காற்றின் ஈரத்தில் கடலை எளிதில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இதனைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. சொன்னதும் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள். அன்றாடக் கூலிக்குக் கடலுக்குப் போகும் வீடுகளுக்காக நூறு கிராம் பொட்டலமும் போடலாம்.