ஸ்க்ரமா, எக்ஸ்பியா? கொலுசுப் பட்டறைக் கணக்கில் போட்டுப் பார்த்தோம்

சேலத்தில் சின்னதாக மென்பொருள் குழு வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும்: "நீங்க அஜைலா, எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கா?" மாம்பழம் வேண்டுமா, மல்கோவா வேண்டுமா என்று கேட்கிற மாதிரிதான் இதுவும். மல்கோவாவும் மாம்பழம்தானே. மென்பொருளைச் சிறு சிறு சுற்றாகச் செய்து, காட்டி, திருத்திக்கொள்ளும் முறைகளுக்குப் பொதுப் பெயர் அஜைல். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கும் ஸ்க்ரமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி ஒரு சிறு அறிக்கை எழுதினார்கள். அதில் இருப்பது நாலு மதிப்புகள், அவற்றுக்குத் துணையாக 12 கொள்கைகள். அஜைல் என்ற பெயர் நிலைத்தது அங்கேதான். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கை, சுருக்கமாக எக்ஸ்பியை, உருவாக்கிய கென்ட் பெக் அந்த 17 பேரில் ஒருவர். ஸ்க்ரமை உருவாக்கிய கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் அங்கே இருந்தார்கள். ஸ்க்ரமை அவர்கள் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னது 1995-இல். பெக்கின் எக்ஸ்பி புத்தகம் வந்தது 1999-இல். பிள்ளைகள் பிறந்த பிறகுதான் குடும்பத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒருவர் "நாங்க அஜைல்" என்று சொன்னால் பெரும்பாலும் அவர் செய்வது ஸ்க்ரம். அதனால் ஸ்க்ரமையும் எக்ஸ்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

நாங்கள் ஐந்து பேர். ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் இருக்கிறோம். கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். முதலில் ஸ்க்ரம் செய்தோம், அப்புறம் எக்ஸ்பிக்கு வந்தோம். இரண்டிலும் கை சுட்டிருக்கிறது, இரண்டாலும் பலனும் கிடைத்திருக்கிறது.

ஸ்க்ரமை வேலையின் ஒழுங்கு என்று சொல்லலாம். ஸ்பிரின்ட் என்று ஒரு மாதத்துக்கு மிகாத வேலைச் சுற்று, தினமும் 15 நிமிடக் கூட்டம், முடிவில் வாடிக்கையாளரிடம் காட்டும் ரிவியூ, நமக்குள் குறைநிறை பேசும் ரெட்ரோஸ்பெக்டிவ். எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்க புராடக்ட் ஓனர் என்று ஒருவர். இவ்வளவும் சொல்லும் ஸ்க்ரம், கோடு என்கிற நிரலை எப்படி எழுத வேண்டும் என்பதைப் பற்றி வாயே திறக்காது. அதை வேண்டுமென்றேதான் குழுவிடம் விட்டிருக்கிறார்கள்.

எக்ஸ்பி தொடங்குவதே அந்த இடத்தில்தான். முதலில் டெஸ்ட் எழுது, அதாவது விடை சரியா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல், பிறகு கோடு எழுது. இரண்டு பேர் ஒரு கீபோர்டில் உட்கார். எழுதியதை அன்றைக்கே மொத்தத்தோடு சேர். இன்றைய தேவைக்கு மேல் எதையும் கட்டாதே. கோடு எல்லாருக்கும் சொந்தம். வாடிக்கையாளர் ஒருவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் போதும். முதல் பதிப்பில் இப்படி 12 பழக்கங்கள்.

இப்போது சேதாரக் கணக்குக்கு வருகிறேன். வித்தியாசம் எனக்கு உறைத்தது அங்கேதான்.

பட்டறைக்காரர் கூலிக்கு வேலை செய்பவரிடம் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கொலுசு திரும்பி வரும், மீதி வெள்ளியும் வரும். இடையில் தேய்ந்தும் தூளாகியும் போவதற்கு இத்தனை சதவீதம் சேதாரம் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். ஸ்க்ரம் நாட்களில் எங்கள் வேலைப் பலகையில் ஒட்டிய குறிப்பில் "2 சதவீத சேதாரம் கழிக்க வேண்டும்" என்று மட்டும்தான் இருந்தது. இரண்டு வாரம் உழைத்து ரிவியூவில் காட்டினோம். ஒரு பட்டறையில் கணக்கு பார்க்கும் அண்ணன் திரையை ஒரு நிமிடம்தான் பார்த்திருப்பார். "தம்பி, கொடுத்த வெள்ளிக்கா சேதாரம் போட்டிருக்கீங்க? வந்த கொலுசுக்கில்ல போடணும்?"

கொடுத்தது 1,000 கிராம். வந்த கொலுசு 800, மீதி வெள்ளி 184. குறைவது 16 கிராம். எங்கள் கணக்குப்படி சேதாரம் 20 கிராம், ஆகவே வேலைக்காரருக்குப் பட்டறை 4 கிராம் தர வேண்டும். அண்ணன் கணக்குப்படி 800-க்கு 2 சதவீதம், 16 கிராம், பாக்கி பூஜ்யம். பட்டறைச் சீட்டு ஒன்றுக்கே 4 கிராம் வித்தியாசம். பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு போடுவார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஸ்க்ரம் தோற்றது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். ரிவியூ இருந்ததால்தான் இரண்டு வாரத்தில் தெரிந்தது, இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துத் தெரிந்திருக்கும். ஆனால் எக்ஸ்பி முறையில் அதே அண்ணனை முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்து, "1,000 கொடுத்து, 800 கொலுசும் 184 மீதியும் வந்தால் பாக்கி எவ்வளவுங்க?" என்று கேட்டிருப்போம். அவர் சொல்லும் பூஜ்யமே எங்கள் முதல் டெஸ்ட் ஆகியிருக்கும். இரண்டு வாரம் கழித்துத் தெரிந்த தவறு அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

டெஸ்ட் பழக்கம் வந்த பிறகு இன்னொன்று பிடிபட்டது. கிராமைத் தசமத்தில் வைத்துக் கூட்டினால் கம்ப்யூட்டர் மயிரிழையில் பிசகும். இரும எண்ணில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது என்பதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் கூட்டும் ஒரு டெஸ்ட் தவறு என்று சிவப்பு காட்டியபோதுதான் இதைக் கவனித்தோம். அன்றைக்கே எல்லா எடையையும் மில்லிகிராமில் முழு எண்ணாக மாற்றிவிட்டோம். தினக் கூட்டத்தில் எத்தனை முறை நின்று பேசியிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

இருவர் சேர்ந்து எழுதுவதைப் பற்றித்தான் அதிகம் சண்டை. "ஒரு வேலைக்கு ரெண்டு சம்பளமா?" என்று கேட்பவர்களின் கவலை நியாயமானதே. யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில், ஜோடியாக எழுதியவர்களின் மொத்த உழைப்பு நேரம் தனியாக எழுதியவர்களைவிடச் சுமார் 15 சதவீதம்தான் கூடியது. பிழைகளும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தன. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெங்களூரு இங்கிருந்து நாலு மணி நேரம். நன்றாக எழுதப் பழகிய பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் அங்கிருந்து அழைப்பு வரும், வர வேண்டியதுதான். அவர் போகும்போது டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்க்கும் கணக்கை எழுதிய மூளையும் கூடவே போய்விட்டால் நாங்கள் என்ன செய்வது? ஒருமுறை அப்படி ஆகி, ஒரு மாதம் தவித்தோம். இப்போது எந்தக் கோடும் குறைந்தது இரண்டு பேர் கை படாமல் போவதில்லை.

எக்ஸ்பியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அது பிறந்து வளர்ந்தது கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளக் கணக்குத் திட்டத்தில். அந்தத் திட்டம் 1997-இல் சுமார் 10,000 ஊழியர்களுக்குச் சம்பளம் போட ஆரம்பித்தது, கம்பெனியின் எல்லா ஊழியர்களையும் எட்டாமலே 2000-இல் நிறுத்தப்பட்டது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து குழுவோடு வந்து உட்காரும் அந்த ஒருவர்மேல் விழும் சுமையும் பெரியது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் எந்தப் பட்டறைக்காரர் வந்து உட்காருவார்? பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கு நாங்கள்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறோம். தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் கேட்டுக்கொள்கிறோம்.

நடுவில் மாற்றம் கேட்டால் என்ன செய்வது என்பதிலும் இரண்டுக்கும் வேறு குணம். ஸ்க்ரமில் ஸ்பிரின்டின் இலக்கைக் கெடுக்கும் மாற்றத்தைத் தள்ளி வைப்பார்கள். எக்ஸ்பியில் இன்னும் தொடாத ஒரு வேலையை எடுத்துவிட்டு அதே அளவுள்ள இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். வெள்ளி விலை ஏறி இறங்கும் தொழிலுக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது.

சரி, எதை எடுப்பது? பல குழுக்கள், பல ஊர்கள், மேலே அறிக்கை கேட்கும் நிர்வாகம் என்று இருந்தால் ஸ்க்ரமின் சட்டகம் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். ஐந்தாறு பேர், உள்ளூர் வாடிக்கையாளர், தவறினால் பணமோ எடையோ குறையும் வேலை என்றால் எக்ஸ்பியின் டெஸ்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். டெஸ்டே இல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிடுவது, பிழையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர் வீட்டில் கொண்டுபோய் வைப்பதுதான். ஸ்க்ரமிலிருந்து ரிவியூவையும் ரெட்ரோஸ்பெக்டிவையும் நாங்கள் விடவில்லை. சனிக்கிழமை மதியம் டீயோடு நடக்கும்.

போன மாதம் டச் மாறினால் சேதாரமும் மாற வேண்டும் என்று அதே அண்ணன் கேட்டார். கணக்கின் அடிவயிற்றையே பிரித்து மாட்ட வேண்டிய வேலை. குழுவில் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண்ணும் பழைய ஆள் ஒருவரும் ஜோடியாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு முதலில் ஓடியது அந்தப் பழைய டெஸ்ட்தான்: 1,000, 800, 184, பாக்கி பூஜ்யம். இரண்டு முறை சிவப்பு, அப்புறம் பச்சை. புதன்கிழமை அண்ணன் தராசுக்குப் பக்கத்தில் வைத்தே சரிபார்த்துவிட்டார்.